கப்பலே ஊராகிவிட்ட காலத்தில் க்ரூஸ் பயணம்: மேடை நிகழ்ச்சி முதல் துறைமுகம் சேரும் செலவு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பலில் போக நினைக்கும் நம் ஊர்க் குடும்பங்கள் பெரும்பாலும் கேபின் கட்டணத்திலிருந்தே கணக்கைத் தொடங்குகின்றன. மூன்று இரவா, நான்கு இரவா, ஜன்னல் இல்லாத கேபினா, பால்கனிக் கேபினா என்று ஒப்பிட்டு, மலிவானது கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் பணத்தைக் கட்டிவிட்டு, அதன் பிறகுதான் விமானச் சீட்டைத் தேடுகிறார்கள். கப்பலில் ஏறிய பிறகுதான் அங்கே என்ன நிகழ்ச்சி நடக்கிறது என்று விசாரிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. கேபின் என்பது தூங்கும் இடம். பயணத்தின் சுவையையும் செலவையும் தீர்மானிப்பவை வேறு இரண்டு. ஒன்று, நீங்கள் போகும் மாதத்தில் அந்தக் கப்பலின் மேடையில் உண்மையாக என்ன நடக்கிறது என்பது. மற்றொன்று, வீட்டு வாசலிலிருந்து கப்பல் ஏணி வரையிலும், பிறகு ஒவ்வொரு துறைமுகத்திலும் கப்பலிலிருந்து ஊர் வரையிலும் போய்ச் சேர ஆகும் செலவு. இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுப்பவை என்பதால், படிகளுக்குள் போகும் முன் அந்தத் தொடர்பைச் சற்று விரிவாகவே பார்த்துவிடலாம்.

மேடை வளர்ந்ததும் துறைமுகம் குறைந்ததும்

ஒரு காலத்தில் கப்பலின் இரவு நிகழ்ச்சி என்றால் இறகுத் தலையணியோடு ஆடும் நடனக் குழு, ஒரு மந்திரவாதி, ஒரு நகைச்சுவையாளர், ஜோடி நடனத்துக்கு வாசிக்கும் இசைக்குழு, பிங்கோ, நள்ளிரவு பஃபே என்று முடிந்துவிடும். பகலெல்லாம் ஊர் சுற்றிக் களைத்துத் திரும்பியவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. 1999இல் ராயல் கரீபியனின் வாயேஜர் ஆஃப் தி சீஸ் பனிச்சறுக்கு அரங்கத்தோடு கடலில் இறங்கியது. 2009இல் வந்த ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ் பின்பக்கத்தில் திறந்தவெளி நீர் அரங்கத்தையும், உள்ளே நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் நடக்கும் வகை இசை நாடகத்தையும் கொண்டுவந்தது. நார்வீஜியன் நிறுவனம் 2010இல் எபிக் கப்பலில் நீலச் சாயம் பூசிக்கொண்டு நிகழ்ச்சி நடத்தும் புளூ மேன் குழுவை ஏற்றியது; 2021இல் கார்னிவலின் மார்டி கிரா கப்பலின் மேல்தளத்தில் ரோலர் கோஸ்டர் ஓடத் தொடங்கியது. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து புறப்பட்ட ஐகான் ஆஃப் தி சீஸ் அதிகபட்சமாக 7,600 பயணிகளை ஏற்றக்கூடியது. அவ்வளவு பேரை ஒரே சிறு தீவில் இறக்கினால் தீவு என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடையாகவே, கப்பலுக்குள்ளேயே ஒரு நகரம் கட்டப்பட்டது போலிருக்கிறது.

துறைமுகத்தின் பக்கமிருந்தும் நெருக்கடி வந்தது. வெனிஸ் நகரின் ஜூதெக்கா கால்வாயில் பெரிய கப்பல்கள் நுழைவதை இத்தாலி 2021 ஆகஸ்டில் நிறுத்தியது. ‘வெனிஸ்’ என்று விற்கப்படும் பல பயணங்கள் இன்று மர்கேராவிலோ, திரியெஸ்தேயிலோ, சாலை வழியில் ஏறத்தாழ 145 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரவென்னாவிலோ தொடங்குகின்றன. அலாஸ்காவின் ஜூனோ நகரம் 2024 முதல் நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்கள் போதும் என்று வரம்பு வைத்தது. மெக்சிகோ 2025 ஜூலையில் கப்பல் பயணி ஒவ்வொருவருக்கும் 5 டாலர் வசூலிக்கத் தொடங்கியது. அந்தத் தொகை படிப்படியாக ஏறி 2028இல் 21 டாலர் ஆகும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதே ஜூலையில் கிரேக்கம் சாண்டோரினி, மிக்கோனோஸ் தீவுகளில் கோடை உச்சத்தில் தலைக்கு 20 யூரோ என்று விதித்தது. இவற்றுக்கு மேல், ஐரோப்பியத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்கள் தங்கள் கரிம உமிழ்வுக்குப் பணம் கட்ட வேண்டும்: 2024ஆம் ஆண்டு உமிழ்வில் 40 சதவீதத்துக்கு, 2025க்கு 70 சதவீதத்துக்கு, 2026 முதல் முழுவதற்கும்.

கப்பல் நிறுவனங்களின் நோக்கில் இதை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு துறைமுகமும் எரிபொருள், நங்கூரக் கட்டணம், தலைவரி என்று பணத்தை எடுத்துக்கொள்வதோடு, பயணியையும் அவருடைய பணப்பையையும் ஒரு நாள் முழுக்க வெளியே அனுப்பிவிடுகிறது. கப்பலிலேயே இருக்கும் பயணி கப்பலிலேயே செலவழிக்கிறார். அதனால்தான் பகாமாஸில் ராயல் கரீபியன் தன் தனித் தீவான கோகோகேயைப் புதுப்பிக்க 25 கோடி டாலரும், கார்னிவல் 2025 ஜூலையில் திறந்த செலிப்ரேஷன் கீ என்ற கடற்கரை வளாகத்துக்கு 60 கோடி டாலரும் போட்டன. துறைமுகமும் தங்களுடையதாகிவிட்டால் அங்கே செலவாகும் பணமும் வீட்டுக்குள்ளேயே நின்றுவிடும் அல்லவா?

இந்தப் போக்கின் எல்லையை சிங்கப்பூரில் பார்க்கலாம். 2020 நவம்பரில், பெருந்தொற்றின் நடுவே, எந்தத் துறைமுகத்துக்கும் போகாமல் கடலில் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணங்களை அங்கே தொடங்கினார்கள். அது அன்றைய அவசரத்துக்குக் கண்ட வழி. இன்றோ, குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு சிங்கப்பூரைத் தாயகமாகக் கொள்ளும் டிஸ்னி அட்வெஞ்சர் கப்பலின் மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் வேறு எந்தத் துறைமுகத்திலும் நிற்காதவையாகவே திட்டமிடப்பட்டன. ரோலர் கோஸ்டர், மேடை நிகழ்ச்சி, வாணவேடிக்கை ஆகியவைதாம் அங்கே ஊர். அத்தகைய பயணத்தில் நீங்கள் ‘துறைமுகம் சேரும் செலவு’ செய்வது ஒரே ஒரு முறை, சிங்கப்பூருக்கு. ஆனால் அந்த ஒரு முறையில் தவறினால் முழுப் பயணமும் போய்விடும்.

முதற்படி: புறப்படும் துறைமுகத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு மூன்று வகைத் தெரிவுகள் உள்ளன. முதலாவது சென்னைத் துறைமுகம். கார்டேலியா நிறுவனத்தின் எம்.வி. எம்ப்ரஸ் கப்பல் 2022 ஜூனில் சென்னையிலிருந்து பயணங்களைத் தொடங்கியது. 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்கும் போனது. தென்மேற்குப் பருவமழையில் மும்பை, கோவா பக்கக் கடல் கொந்தளிப்பதால்தான் இத்தகைய கப்பல் நம் கரைப் பக்கம் வருகிறது. ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் தேடினால் கிடைக்கும், மற்ற மாதங்களில் பெரும்பாலும் இராது. விமானச் செலவும் கிடையாது என்பதோடு, உள்நாட்டுப் பயணமாக இருந்தால் விசாச் செலவும் இல்லை. ஆனால் இந்தக் கப்பல் 1990இல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் கடலில் இறங்கியது. கொள்ளளவைக் காட்டும் மொத்த டன் கணக்கில் ஏறத்தாழ 48,500, அதாவது டிஸ்னி அட்வெஞ்சரின் நான்கில் ஒரு பங்கு கூட இல்லை. ரோலர் கோஸ்டரையும் சுழலும் எந்திரத் திரைகளையும் இங்கே எதிர்பார்க்கக் கூடாது. இந்திப் பாட்டு நடனம், மந்திரவாதி, நேரடி இசை, கேசினோ என்ற பழைய பாணிதான். கடல் பயணம் தமக்கு ஒத்துக்கொள்கிறதா என்று முதன்முறையாகச் சோதிக்க விரும்புவோருக்கு இதைவிட மலிவான வழி இல்லை என்றே சொல்வேன்.

இரண்டாவது சிங்கப்பூர். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே. மூன்றாவது பார்சலோனா, ரோம், மயாமி போன்ற தொலைதூரத் துறைமுகங்கள். அங்கெல்லாம் கேபின் கட்டணம் சிங்கப்பூரை ஒத்ததாகவோ, சில மாதங்களில் குறைவாகவோ தெரியும்; ஆனால் விமானக் கட்டணமும் ஷெங்கன் என்ற ஐரோப்பியப் பொது விசா அல்லது அமெரிக்க விசாவும் சேர்ந்தால் கணக்கு முற்றிலும் மாறிவிடும். அமெரிக்காவில் வசிக்கும் உறவினர் வீட்டுக்குப் போகும்போது இணைத்துக்கொண்டால் மட்டுமே ஃபுளோரிடா பயணம் கட்டுப்படியாகும். அங்கும் துறைமுகத்துக்குத் துறைமுகம் வேறுபாடு உண்டு: ஃபோர்ட் லாடர்டேல் விமான நிலையத்திலிருந்து எவர்கிளேட்ஸ் துறைமுகம் சில நிமிடத் தூரம், ஆர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து கனாவெரல் துறைமுகம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர், டெக்சஸின் கால்வெஸ்டனுக்கு ஹூஸ்டனில் இறங்கி ஒரு மணி நேரம் அளவில் சாலையில் போக வேண்டும். நால்வர் போய்வரும் வாகனச் செலவைக் கூட்டினால், டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடுகிறது.

இரண்டாம் படி: வாசலிலிருந்து ஏணி வரை ஒரு கணக்குத் தாள்

கேபினைப் பார்க்கும் முன் ஒரு தாளில் இந்த வரிகளை எழுதுங்கள்: ஊரிலிருந்து விமான நிலையம், விமானச் சீட்டு, லக்கேஜ் கட்டணம், விசா, முந்தைய இரவு விடுதி, விடுதியிலிருந்து துறைமுகம், திரும்பும் நாள் வாகனம், திரும்பும் விமானம். ஒவ்வொன்றிலும் தொகையை நிரப்பி, குடும்பத்தினர் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டிய பிறகு கேபின் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று இரவுப் பயணங்களில் இந்தக் கூட்டுத்தொகை பல நேரங்களில் கேபின் கட்டணத்தைத் தொட்டுவிடும். ஆகவே நான்கு அல்லது ஐந்து இரவுப் பயணம் எடுத்தால் போக்குவரத்துச் செலவு அதே அளவில் நிற்க, ஓர் இரவுக்கான சராசரி குறைகிறது. குறுகிய பயணம்தான் மலிவு என்ற எண்ணம் அருகில் வசிப்பவர்களுக்கே பொருந்தும்.

சென்னை, திருச்சி, கோவை ஆகிய ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானங்கள் உள்ளன. பறக்கும் நேரம் நான்கு மணி நேரத்தை ஒட்டியது. சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், இரவு பதினொரு மணிக்கு ஏறினால் விடிகாலையில் சாங்கி விமான நிலையத்தில் இறங்கிவிடலாம். இதைப் பார்த்ததும் ‘விடுதியே வேண்டாம், இறங்கிய அன்றே கப்பல் ஏறிவிடலாம்’ என்ற ஆசை எவருக்கும் வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். விமானம் ஆறு மணி நேரம் தாமதித்தால் விமான நிறுவனம் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும். கப்பல் காத்திராது, கட்டணமும் திரும்பாது. டிசம்பரில் சென்னையில் புயல் வந்து ஓடுதளம் மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதை நாம் அறிவோம். முந்தைய நாளே போய்ச் சேர்ந்து ஓர் இரவு தங்குவதற்கு ஆகும் செலவைக் காப்பீட்டுத் தொகை என்றே கருத வேண்டும்.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை நமக்குப் பழக்கமான லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் பகுதிகளே போதும். அங்கே சாப்பாட்டுக்கும் குறைவில்லை. மேலும் அங்கிருந்து எம்.ஆர்.டி. என்ற நகர ரயில் வழி எளிது. சிங்கப்பூரில் கப்பல் முனையங்கள் இரண்டு இருப்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. மரினா பே க்ரூஸ் சென்டர் 2012இல் திறக்கப்பட்டது. அதன் அருகிலுள்ள நிலையம் வடக்கு தெற்குத் தடத்தின் கடைசி நிறுத்தமான மரினா சவுத் பியர். மற்றது ஹார்பர்ஃபிரன்ட்டில் உள்ள சிங்கப்பூர் க்ரூஸ் சென்டர். பாத்தாம் தீவுக்குப் போகும் படகுகளும் அங்கிருந்தே கிளம்பும். லிட்டில் இந்தியாவிலிருந்து ஹார்பர்ஃபிரன்ட்டுக்கு ஒரே ரயில். மரினா சவுத் பியருக்குப் போக, லிட்டில் இந்தியாவுக்கு அடுத்த நிறுத்தமான தோபி காட்டில் மாற வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் முதல் பயணத்தில் ஒரு பயண முகவர் கொடுத்த தாளில் ‘சிங்கப்பூர் க்ரூஸ் டெர்மினல்’ என்று மட்டுமே இருந்தது. டாக்சிக்காரர் அதைப் படித்துவிட்டு எங்களை ஹார்பர்ஃபிரன்ட்டில் இறக்கினார். ஐந்து பெட்டிகள், வயதான அத்தை, சக்கர நாற்காலி ஆகியவற்றோடு உள்ளே போய் வரிசையில் நின்ற பிறகுதான், எங்களைச் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் பாத்தாமுக்குப் போகிறவர்கள் என்பது புரிந்தது. வேறு டாக்சி பிடித்து மரினா பே போய்ச் சேர்ந்தபோது எங்களுக்குக் கொடுத்திருந்த நேரம் கடந்துவிட்டது. நல்ல வேளையாக வாசல் மூடப்படவில்லை. ஆகவே நுழைவுச் சீட்டில் உள்ள முனையத்தின் முழுப் பெயரைப் படித்து, ஓட்டுநரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சாங்கியிலிருந்து மரினா பே முனையம் சுமார் 20 கிலோமீட்டர். ரயிலில் ஒருவருக்கு 3 சிங்கப்பூர் டாலருக்குள் முடிந்துவிடும், ஆனால் இரண்டு முறை மாற வேண்டும். பெட்டி அதிகம் இருந்தால் பெரிய வாகனமாகப் பதிவு செய்துகொள்வது நல்லது. நால்வராகப் பிரித்துப் பார்த்தால் அந்தச் செலவின் சுமை குறையும்.

விசாவில் இரண்டு கவனங்கள் தேவை. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு சிங்கப்பூர் விசா வேண்டும். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், அதற்கு மேல் முகவர் கூலி. கப்பல் மலேசியாவுக்கோ தாய்லாந்துக்கோ போய்த் திரும்பும்போது நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள், எனவே விசா பலமுறை நுழைவுக்கானதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வழியில் உள்ள நாட்டில் கரை இறங்கும் எண்ணமே இல்லாவிட்டாலும் அதன் நுழைவு விதிகளை நீங்கள் நிறைவு செய்திருக்க வேண்டும் என்று கப்பல் நிறுவனம் கேட்கலாம். சிங்கப்பூர் வருகை அட்டையை வருகைக்கு மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அது இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அன்று.

மூன்றாம் படி: அந்தக் கப்பலில், அந்த மாதத்தில் என்ன நடக்கிறது?

விளம்பரப் படத்தில் வரும் நிகழ்ச்சி உங்கள் பயணத்தில் நடக்கும் என்று உறுதியில்லை. ஒரே நிறுவனத்தின் கப்பல்களுக்குள்ளேயே வேறுபாடு பெரிது. அதோடு, பிராட்வே நாடகங்களைக் கப்பலுக்குக் கொண்டுவரும் போக்கு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் வளரவில்லை. உரிமத் தொகை ஒருபுறம் இருக்க, மேடையில் ஆடும் ஒவ்வொருவருக்கும் கப்பலில் படுக்கை வேண்டும். நாற்பது பேர் கொண்ட நாடகம் என்றால் ஊழியர் பகுதியில் நாற்பது இடங்கள். இதனால் கார்னிவல் போன்றவை குறைந்த ஆட்களும் பெரிய எல்.இ.டி. திரைகளும் சேர்ந்த குறுகிய ஷோக்களுக்கு மாறின. ஹாலந்து அமெரிக்கா தன் கப்பல்களில் புளூஸ், ராக், பியானோ என்று இசைக் கூடங்களை வரிசையாக அமைத்து, பயணிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போகும்படி செய்தது. திரை நல்லதா ஆள் நல்லதா என்ற விவாதத்தில் நான் ஆட்கள் பக்கம்தான். திரையைப் பார்க்க வீட்டிலேயே வசதி இருக்கிறது.

ஆனால் திரையே ஆடினால்? சிங்கப்பூரிலிருந்து பல பருவங்களில் ஓடிய ராயல் கரீபியனின் குவாண்டம், ஸ்பெக்ட்ரம், ஆன்தம் ஆகிய கப்பல்களில் டூ செவன்ட்டி என்றொரு கூடம் உண்டு. பகலில் அது கப்பலின் பின்கோடியில் பல தள உயரத்துக்குக் கண்ணாடி வளைந்து நிற்கும் அமைதியான இடம். காப்பியோடு உட்கார்ந்தால் கப்பல் உழுதுவிட்டு வந்த வெண்ணுரைக் கோடு அடிவானம் வரை நீள்வது தெரியும். இரவில் அந்தக் கண்ணாடிகளின் மேல் திரைகள் இறங்க, கடல் தெரிந்த சுவர் முழுவதும் ஒளிப்படமாக மாறுகிறது. மேலே எந்திரக் கைகளில் பொருத்திய ஆறு திரைகள் தனித்தனியே தலையசைத்து, பிரிந்து, சேர்ந்து, பாடகிக்குப் பின்னால் விசிறி போல விரிகின்றன. முன் வரிசையில் உட்கார்ந்தால் இதன் பாதி தெரியாது. மேல்தளத்தின் நடுப்பகுதியே சரியான இடம். இதே கப்பல்களில் உள்ள நார்த் ஸ்டார் என்ற கண்ணாடிக் கூண்டு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 90 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் செல்லும், ஆனால் காற்று பலமாக இருந்தால் இயங்காது. எனவே பயணத்தின் முதல் நாளுக்கே அதைப் பதிவு செய்துவிடுங்கள். ரத்தானால் மறுநாள் இருக்கிறது.

இன்னது நடக்கிறது என்பதை அறிய, பதிவு செய்யும் முன் நிறுவனத்தின் தளத்தில் அந்தக் கப்பலின் பெயருக்குக் கீழே உள்ள நிகழ்ச்சிப் பக்கத்தைப் பார்க்க வேண்டும்; பிறகு அண்மையில் அதே கப்பலில் போய்வந்தவர்கள் பகிர்ந்த தினசரி நிகழ்ச்சி நிரலைத் தேட வேண்டும். அந்த நிரலே உண்மை பேசும். கூடவே கப்பல் எப்போது பழுதுபார்ப்புக்குப் போகிறது என்பதையும் கவனியுங்கள்; அதற்கு முன்னும் பின்னும்தான் நிகழ்ச்சிகள் மாறும். புதுக் கப்பலின் முதல் மாதங்களை நம்பி விமானச் சீட்டு எடுப்பதும் ஆபத்து. டிஸ்னி அட்வெஞ்சரின் தொடக்கப் பயணம் 2025 டிசம்பர் 15 என்று அறிவிக்கப்பட்டு, பிறகு 2026 மார்ச் 10க்குத் தள்ளி வைக்கப்பட்டது. இப்படி நேரும்போது கப்பல் கட்டணத்துக்கு நிறுவனம் வழி சொல்லும். தனியாக எடுத்த விமானமும் விடுதியும் பெரும்பாலும் உங்கள் பொறுப்பு. மாற்றத்தக்க சீட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் இந்த இடத்தில் வீணாகாது.

நான்காம் படி: இருக்கையைப் பிடித்தல்

பெரிய கப்பல்களில் முக்கிய ஷோக்கள் இலவசமே, ஆனாலும் முன்பதிவு வேண்டும். நிறுவனத்தின் செயலியை வீட்டிலேயே இறக்கிப் பதிவு எண்ணை இணைத்துவிட்டால், சில கப்பல்களில் புறப்படும் முன்பே நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம்; மற்றவற்றில் கப்பல் ஏறிய உடனே திறக்கும். ஏறியதும் பஃபேக்கு ஓடாமல் முதலில் இந்த வேலையை முடிப்பவர்களுக்கு நல்ல நேரம் கிடைக்கும். பதிவு கிடைக்காவிட்டாலும் மனம் தளர வேண்டாம். தொடங்கப் பத்து நிமிடம் இருக்கையில், பதிவு செய்தும் வராதவர்களின் இடங்களை ஸ்டாண்ட்பை வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். குழந்தைகளும் முதியவர்களும் இருந்தால் முதல் காட்சியைத் தேர்ந்தெடுத்து, இரவு உணவை அதற்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: விளம்பரத் தொகையை உண்மைத் தொகையாக்குதல்

கட்டணத்துக்கு அடியில் ‘வரிகளும் துறைமுகக் கட்டணங்களும்’ என்ற வரி இருக்கும். 2024 ஜூலையில் கலிஃபோர்னியாவில் நடைமுறைக்கு வந்த சட்டத்தை ஒட்டி, அமெரிக்கத் தளங்களில் பெரிய நிறுவனங்கள் இதையும் சேர்த்தே விலை காட்டுகின்றன. மற்ற நாடுகளில் எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டால் அதற்குரிய கட்டணத்தைத் திருப்பித் தருவது வழக்கம், பெரும்பாலும் கப்பலில் செலவழிக்கத்தக்க இருப்பாகக் கொடுப்பார்கள். கணக்கில் வராவிட்டால் கேட்டுப் பெறுங்கள்.

டிப்ஸ் பலரும் மறந்துவிடும் பெரிய தொகை. ராயல் கரீபியன் சாதாரணக் கேபினில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 18.50 அமெரிக்க டாலர் என்று உயர்த்தியது. அந்த விகிதத்தில் நால்வர் கொண்ட குடும்பத்துக்கு நான்கு இரவுக்கு 296 டாலர். குழந்தைக்கும் உண்டு. இணையம், குளிர்பானத் தொகுப்பு, சிறப்பு உணவகம் ஆகியவற்றை வேண்டாமென்று விடலாம். இந்தியாவில் முகவர் வழியாக வெளிநாட்டுத் தொகுப்பு வாங்கினால் டி.சி.எஸ். என்ற, விற்கும்போதே வசூலிக்கும் வரியைப் பிடிப்பார்கள்; அது வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளத்தக்கது என்பதால் சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: துறைமுகத்தின் பெயரும் ஊரின் தூரமும்

பயணத் திட்டத்தில் ‘பாங்காக்’ என்று இருக்கும். கப்பல் நிற்பது லெம் சாபாங்கில், பாங்காக்கிலிருந்து 120 கிலோமீட்டருக்கு மேல். ‘ஹோ சி மின் நகரம்’ என்றால் பெரும்பாலும் ஃபூ மீ; அங்கிருந்து நகரம் 70 கிலோமீட்டரை ஒட்டிய சாலைப் பயணம். ‘கோலாலம்பூர்’ என்றால் போர்ட் கிளாங். ஊருக்குள் போக ஒரு மணி நேரத்துக்கு மேல். ஐரோப்பாவிலும் இதே கதைதான்: ரோமுக்கு சிவிட்டாவெக்கியா, பாரிசுக்கு 200 கிலோமீட்டர் தள்ளிய லெ ஹாவ்ர். காலை எட்டு மணிக்குக் கப்பல் கட்டி, மாலை ஐந்துக்குப் புறப்படும் நாளில், போக வர நான்கு மணி நேரம் சாலையில் கழிந்தால் மிஞ்சுவது ஒரு மதியச் சாப்பாட்டு நேரம்தான். அத்தகைய துறைமுகங்களில் இறங்காமல் கப்பலிலேயே இருந்து, கூட்டமற்ற நீர்ச்சறுக்குகளைக் குழந்தைகளுக்கு விட்டுக்கொடுப்பதே லாபம்.

இதற்கு நேர்மாறானது பினாங்கு. ஸ்வெட்டன்ஹாம் பியரிலிருந்து வெளியே வந்ததுமே விக்டோரியா மகாராணியின் மணிக்கூண்டு நிற்கிறது. அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்தால் ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியா; மல்லிகைப் பூவும் சாம்பிராணியும் கலந்த வாசம் குயின் தெருவைக் காட்டிக்கொடுக்கும், 1833இல் அமைந்த மகாமாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது. கோயில், வாழையிலைச் சாப்பாடு, கோட்டை மூன்றையும் பார்த்துவிட்டு வாகனச் செலவே இல்லாமல் கப்பலுக்குத் திரும்பலாம். இரண்டு பயணத் திட்டங்கள் ஒரே விலையில் இருந்தால், பினாங்கு உள்ளதை எடுங்கள் என்பேன். புக்கெட்டில் கப்பல் படோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரமிட்டுச் சிறு படகுகளில் ஆட்களை இறக்குவது உண்டு. அந்த வரிசையில் போகவும் வரவும் ஒரு மணி நேரம் வரை போகலாம் என்று கணக்கு வையுங்கள்.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவா, சொந்த ஏற்பாடா என்ற கேள்விக்கு விடை தூரத்தில் இருக்கிறது. கப்பலின் சுற்றுலா தாமதித்தால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அவர்களே அனுப்பி வைப்பார்கள். சொந்தமாகப் போனால் அது கிடையாது. எனவே நடந்து போகும் ஊரில் சொந்த ஏற்பாடு, இரண்டு மணி நேரத் தூர ஊரில் கப்பலின் சுற்றுலா. தாய்லாந்தில் இன்னொரு பொறியும் உண்டு: அங்கே நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்தங்கியது. கைப்பேசி கரையில் கால் வைத்ததும் தானாக மாறிக்கொள்ளும். கப்பலோ பல நேரங்களில் சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கும். மாலை நான்குக்குள் வரச் சொல்லியிருக்க, கைப்பேசி மூன்று காட்டும்போதே வாசல் மூடிவிடும். இறங்கும் முன் கப்பலின் கடிகாரத்தைப் பார்த்து, சாதாரணக் கைக்கடிகாரத்தை அதன்படி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: ஏறும் நாளும் இறங்கும் நாளும்

ஏறும் நாளில் பெரிய பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை கேபினுக்கு வந்து சேர மாலை ஆகலாம். ஆகவே கடவுச்சீட்டு, மருந்து, குழந்தையின் நீச்சல் உடை ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். கொடுத்த நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகப் போவதால் பயனில்லை. வெளியே உட்கார வைத்துவிடுவார்கள்.

இறங்கும் நாளில் கப்பல் விடிகாலையில் கட்டினாலும், ஆட்கள் பகுதி பகுதியாகவே வெளியே விடப்படுவார்கள். குடிநுழைவு வரிசை, பெட்டி தேடல், டாக்சி வரிசை எல்லாம் சேர்த்து, பிற்பகல் ஒரு மணிக்கு முன் கிளம்பும் விமானத்தை எடுக்க வேண்டாம். சென்னை செல்லும் இரவு விமானம் எடுப்பவர்கள் பெட்டிகளை சாங்கியில் உள்ள பொருள் பாதுகாப்பகத்தில் வைத்துவிட்டு நகருக்குள் போய்வரலாம். அவசரமாகப் போக வேண்டியவர்கள் முந்தைய இரவு பெட்டியைக் கேபின் வாசலில் வைக்காமல் தாங்களே உருட்டிக்கொண்டு இறங்கும் முறையைக் கேட்டுப் பெறலாம். அவர்களைத்தான் முதலில் விடுவார்கள். ஆனால் அன்று காலை லிஃப்டுக்கு இருக்கும் கூட்டத்தைப் பார்த்தால், நாலு மாடி படியிறங்கத் தயாராக இருப்பவர்களுக்கே அது சரிப்படும்.